மழலைப் படிகளும் வீட்டு மொழியும்



இரண்டரை அகவைக் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடக்கிறது, ஓடுகிறது, கதவின் தாழைத் திறக்கிறது, வேண்டியதைத் தாயின் கையைப் பிடித்திழுத்துக் காட்டுகிறது. ஆயினும் பேச்சு ஐந்தாறு சொற்களுக்கு மேல் எழவில்லை. தாய் கலங்குகிறாள். பாட்டியோ, "இவன் அப்பனும் மூன்று முடிந்த பிறகுதான் வாய் திறந்தான், எல்லாம் தானே வரும், போ" என்கிறார். குழந்தையைக் கொண்டுவிடும் மழலைப் பள்ளியிலோ, "வீட்டில் தமிழும் இங்கே ஆங்கிலமுமாக இருப்பதால் பிள்ளை குழம்புகிறது; இனி வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று அறிவுரை கூறப்படுகிறது.

அன்று மாலையே அவ்வீட்டில் தமிழ் நிறுத்தப்படுகிறது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகலின் பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். தாய்க்குத் தெரிந்த ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். கணக்கு ஒப்படைக்கவும் விடுப்புக் கேட்கவும் உதவுமேயன்றி, அதில் கொஞ்ச வராது, கதை சொல்ல வராது, நிலவைக் காட்டிச் சோறூட்ட வராது. பேச்சுக் குறைந்த பிள்ளையைச் சூழ்ந்திருந்த பேச்சும் இப்போது பாதியாகிவிட்டது!

சென்னையிலும் கோவையிலும் மட்டுமன்று. சிங்கப்பூரிலும் இலண்டனிலும் தொராண்டோவிலும் தமிழர் வீடுகளில் இது நடக்கிறது. பாட்டி சொன்னதும் பிழை. பள்ளி சொன்னதும் பிழை. அவை பிழையாவது யாங்ஙனம் என்பதை அறிய, குழவி ஏறிவரும் படிகளை முறையே காணல் வேண்டும்.

குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் வாரியாக நோக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவங்களாகப் பகுக்கப்பட்டதை யாவரும் அறிவர். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் இப்பருவங்களை அமைப்பது பாட்டியல் மரபு. தலையெடுத்து ஆடுவது, நா அசைப்பது, கை கொட்டுவது, தளர்நடையிட்டு வருவது, நிலவை அழைப்பது என்னும் வரிசை, தொட்டிலருகே அமர்ந்து கண்டவர் வகுத்த வரிசை. இவற்றுள் தால் என்பது நா. நாவை அசைத்துப் பாடுவதே தாலாட்டு. பேசத் தொடங்குமுன்னரே குழவிக்கு நாவின் ஆட்டத்தைக் காட்டவேண்டும் என்னும் அறிவு அப்பெயரிலேயே பொதிந்து கிடக்கிறது. இலக்கியப் பருவ அட்டவணையை மருத்துவ அட்டவணையாகக் கொள்ளல் வேண்டா; நோக்கும் கண் இங்கு இருந்தது என்பதே செய்தி.

இனி, இக்கால ஆய்வுகளுக்கு வருவோர் முதலில் வியப்பது, மொழி தொடங்குவது பிறப்பில் அன்று என்பது. கருவில் ஆறாம் திங்களை ஒட்டியே செவி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அன்னையின் குரலும் அதன் ஏற்ற இறக்கமும் நீருக்குள் கேட்கும் ஒலிபோல் மங்கலாகச் சென்று சேர்கின்றன. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் தெகாசுப்பரும் பைபரும், பிறந்து மூன்று நாளும் நிரம்பாத மகவுகளின் வாயில் செயற்கைக் காம்பு ஒன்றைக் கொடுத்தனர். ஒரு வகையாய்ச் சப்பினால் தன் தாயின் குரல் கேட்கும்; வேறு வகையாய்ச் சப்பினால் பிறிதொரு பெண்ணின் குரல் கேட்கும். மகவுகள் தாயின் குரல் கேட்கும் வகையையே நாடிச் சப்பின. 1993-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இரண்டு நாள் மகவுகள், அயல்மொழியை விடத் தம் தாய் பேசும் மொழியையே விரும்பிக் கேட்டன. தாய்மொழி என்னும் சொல் உருவகமன்று, உடலின் உண்மை.

இதனினும் வியப்புடையது த, ட என்னும் இரண்டு எழுத்துகளைப் பற்றிய ஆய்வு. தமிழர்க்குப் பத்து வேறு, பட்டு வேறு. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் செவிக்கோ இவ்விரண்டு ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. கனடா நாட்டில் சேனட் வெர்க்கர், தீசு என்னும் இருவர், இந்தியிலுள்ள த, ட ஒலிகளை ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்பித்து 1984-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆறு முதல் எட்டுத் திங்கள் அகவையில் அக்குழந்தைகளுட் பெரும்பாலான, வேறுபாட்டை உணர்ந்து தலையைத் திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு திங்களுக்குள் அவ்வாற்றல் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அது மறையவில்லை.

பிறக்கும்போது எல்லா மொழிக்கும் திறந்திருக்கும் செவி, ஓராண்டு முடிவதற்குள் தன் வீட்டு மொழிக்கென இசைந்து விடுகிறது. முதற்சொல் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அடித்தளம் இடப்பட்டுவிட்டது. "அதுதான் இன்னும் பேசவில்லையே, அதனிடம் என்ன பேசுவது?" என்று வாளாவிருக்கும் பெற்றோர் இழப்பது இந்த ஓராண்டை.

அவ்வாறாயின் தொலைக்காட்சிமுன் அமர்த்தினால் போதாதா எனின், போதாது. பாட்ரிசியா குல் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003-இல் காட்டியது இது: ஒன்பது திங்கள் அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழியாளர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகளில், விளையாடியும் படித்துக் காட்டியும் பேசினர். குழந்தைகள் சீன ஒலிவேறுபாட்டைக் கற்றன. அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் கற்கவில்லை. கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளை தமிழ்ப் பாட்டுத்தானே பார்க்கிறது என்று ஆறுதல் கொள்வோர் இதனை நினைவிற் கொள்க. பாட்டு எம்மொழியில் இருப்பினும், திரை மறுமொழி கூறுவதில்லை.

இனி வாயின் வளர்ச்சி. ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் 'ங்ங்', 'ஊ' என்னும் இன்னொலி எழும். நான்காம் திங்களை ஒட்டிக் கலகலவெனச் சிரிக்கும். ஆறு முதல் பத்துத் திங்களுக்குள் 'மமமம', 'பபபப', 'தததத' என ஒரே அசையை அடுக்கும். இவ்வடுக்கொலியே பேச்சின் உண்மையான கால்கோள். ஏன் மகரமும் பகரமும் முந்துகின்றன? இரண்டு இதழும் பொருந்தினால் அவை பிறந்துவிடும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் காட்டுகிறது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டிய ரகரமும் ழகரமும் கடினமானவை, ஆகலின் பிந்துகின்றன. உரோமன் யாக்கோபுசன் 1941-இல் வெளியிட்ட நூலில், உலக மொழிகளின் குழந்தைகள் ஒலிகளை ஈட்டும் வரிசையில் ஓர் ஒழுங்கு உண்டென நிறுவ முயன்றார். இதழொலிகள் அதில் முன் நிற்கின்றன. ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கணத்தையும் அந்நூலையும் அருகருகே வைத்துப் படிப்பார்க்கு இன்பம் உண்டு.

இவ்விடத்து ஒன்று சொல்லியாதல் வேண்டும். அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகெங்கும் காணப்படுவதால் அவையெல்லாம் தமிழினின்றே சென்றவை என்று மேடைகளில் முழங்குவார் உளர். குழந்தையின் இதழ் எந்நாட்டிலும் ஒன்றே. அதில் எளிதிற் பிறப்பதும் எந்நாட்டிலும் ஒன்றே. அதற்குப் பொருள் கொடுப்பது அவ்வந்நாட்டுப் பெற்றோர். சியார்சிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை. 'தேதா' என்றால் தாய். தமிழின் பெருமைக்கு வலுவற்ற சான்று தேவையில்லை. வலுவான சான்றே போதுமான அளவு உண்டு.

பத்து முதல் பன்னிரண்டு திங்களுக்குள் குழந்தை சுட்டுவிரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 'அதோ பார்' என்னும் சொற்றொடரின் முதல் வடிவம் அவ்விரலே. ஓராண்டு நிறைவை ஒட்டி முதற்சொல் வரும். வீட்டில் வழங்கும் 'மம்மம்', 'இங்கா', 'தாச்சி' போன்ற மழலைச் சொற்களும் கணக்கிற் சேர்ந்தனவே. ஒரே ஒலி ஒரே பொருளுக்குத் தவறாது வருமாயின் அது சொல்லே. ஒன்றரை அகவைக்குமேல் சொற்கள் விரைந்து பெருகும். இரண்டு அகவையில் 'பால் வேண்டாம்', 'தாத்தா வா' என இரண்டு சொல் இணையும். மூன்றில் குழந்தையின் பேச்சில் பெரும்பகுதி அயலார்க்கும் விளங்கும். ழகரமும் றகரமும் அப்போதும் நேராகாமல் இருக்கலாம். அதற்காகக் கலங்க வேண்டா.

அளவுகளைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடல் நன்று. ஒன்றரை அகவையில் ஐம்பது சொல் என்று சில நூல்கள் கூறும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நடுவங்கள் 2022-இல் திருத்திய பட்டியலோ ஐம்பது சொல்லை முப்பதாம் திங்களில் வைக்கிறது. முரண் அன்று. முன்னது நடுத்தரக் குழந்தையின் அளவு. பின்னது நூற்றுக்கு எழுபத்தைந்து குழந்தைகளேனும் எட்டிவிடும் அளவு. நடுத்தர அளவுக்குச் சிறிது பிந்துவது இயல்பு. பெரும்பாலோர் எட்டிய அளவையும் எட்டாதது, வல்லுநரிடம் காட்டவேண்டிய அறிகுறி.

தமிழ்க் குழந்தை இலக்கணத்தை ஈட்டும் விரைவு தனியே பேசத்தக்கது. வந்தான், வந்தாள், வந்தது என ஒரு வினைக்குள் காலமும் பாலும் எண்ணும் இடமும் அடுக்கிய மொழி தமிழ். பார்ப்பவர், 'இவ்வளவு ஈறுகளைப் பச்சைக் குழந்தை எங்ஙனம் கற்கும்?' என்பர். பரிமளா இராகவேந்திராவும் இலாரன்சு இலியோனார்டும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு அகவையை ஒட்டிய தமிழ்க் குழந்தைகள் இவ்வீறுகளைப் பெரிதும் பிழையின்றி வழங்குவதைக் காட்டியது. ஆங்கிலக் குழந்தையோ ஒற்றை ஈற்றையும் விட்டும் தொட்டும் பேசும் அகவை அது. ஒட்டுநிலை மொழியில் ஒவ்வோர் உறுப்பும் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது, தவறாது வருகிறது, சொல்லின் இறுதியில் நின்று செவியில் விழுகிறது. ஆகலின் குழந்தைக்குப் பிடி கிடைத்து விடுகிறது. மறுத்தற் பொருளிலும் அவ்வாறே. 'இல்லை' வேறு, 'வேண்டாம்' வேறு, 'மாட்டேன்' வேறு. பள்ளி காணாத பிள்ளை இவற்றை மாற்றி வழங்குவது அரிது. வேண்டாம் என்பதும் மாட்டேன் என்பதும் எவ்வளவு விரைவில் வருகின்றன என்பதைத் தாய்மாருக்குச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை!

2011-இல் புவனா நரசிம்மன், மரியான் குல்பர்க் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு தனித்தமிழன்பர் அனைவரும் அறியவேண்டுவது. ஒரு குப்பியை மேசைமேல் நிறுத்துவதையும் கிடத்துவதையும் நான்கு, ஐந்து அகவைக் குழந்தைகள் எங்ஙனம் சொல்கின்றனர் என்று தமிழிலும் டச்சு மொழியிலும் கண்டனர். டச்சில் இவற்றுக்குத் தனித்தனி ஒற்றைச் சொற்கள் உண்டு. பெற்றோர் பேச்சில் நாளும் வருபவை. தமிழிலோ 'நிற்க வை', 'படுக்க வை' என்பன. பெற்றோர் பேச்சில் அரிதாகவே வருகின்றன, 'வை' என்பதே பெரும்பாலும் போதுமாதலின். எது எளிதாக வந்திருக்க வேண்டும்? அடிக்கடி கேட்டதுதானே! ஆனால், டச்சுக் குழந்தைகள் ஐந்து அகவையிலும் தம் சொற்களை இடமறியாது வழங்கின. தமிழ்க் குழந்தைகள் நான்கு அகவையிலேயே அரிதாய்க் கேட்ட சொற்களைப் பொருத்தமுற வழங்கின. 'நிற்க' என்பதும் தெரியும், 'வை' என்பதும் தெரியும். சேர்த்தால் பொருள் தானே விளங்குகிறது. எத்துணை முறை கேட்டது என்பதினும், உறுப்புகள் ஊடுருவித் தெரிகின்றனவா என்பதே வலிதாய் நின்றது.

தெளிந்த வேரும் தெளிந்த ஈறும் உடைய சொல் குழந்தைக்குத் திறவுகோல். தூங்கும்போது தலைக்கு அணையாக வைப்பது தலையணை என்று ஒருமுறை சொன்னால், அணையும் விளங்குகிறது, தலையும் விளங்குகிறது. 'பில்லோ' என்று சொன்னால் ஒரு பொருளின் பெயர் மட்டும் தெரிகிறது. அதைத் திறந்து பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை, அம்மொழி முழுதும் வீட்டில் இல்லாமையால். இக்கால நகர் வீடுகளில் குழந்தைக்கு நிறம் ஆங்கிலம், விலங்கு ஆங்கிலம், பழம் ஆங்கிலம், எண் ஆங்கிலம். வினைமுற்று மட்டும் தமிழ். 'டாகைப் பார், மூனைப் பார்' என்பது பேச்சாகிவிட்டது. இதனால் பேச்சு வளர்ச்சி தடைப்படும் என்று கூறுவது மிகை. கலந்து பேசும் வீட்டுக் குழந்தைகளும் பேசவே செய்கின்றன. ஆனால் ஊரைப் பற்றிய பெயர்களெல்லாம் தமிழில் இல்லாத குழந்தைக்கு, பத்து அகவையில் பாட்டியிடம் பேசத் தமிழ் போதாது. அவ்விழப்பு எந்த மருத்துவப் பட்டியலிலும் இடம்பெறாது.

மறுபுறத்தாரும் கேட்க வேண்டும். தூயதமிழ் ஆர்வத்தால், இரண்டு அகவைப் பிள்ளை 'வாயப்பயம்' என்றவுடன் இடைமறித்து 'வாழைப்பழம் என்று சொல், மறுபடி சொல்' என வருத்துவார் சிலர் உளர். இது நாவைத் திருத்தாது. வாயை மூடச் செய்யும். 'வாழைப்பழமா வேண்டும்? இந்தா வாழைப்பழம். உரித்துத் தரட்டுமா?' என்று மறுமொழியாகக் கூறின், திருந்திய ஒலியும் சென்று சேரும், பேச்சும் தொடரும். எழுத்துத் தமிழைத் தொட்டிலிற் புகுத்தலும் வேண்டா. வீட்டுப் பேச்சுத் தமிழே குழந்தைக்கு முதற்படி.

இனி அந்த இரண்டரை அகவைக் குழந்தையிடம் மீள்க. இருமொழி பேச்சைச் சுணக்குகிறதா? இல்லை. இருமொழி வீட்டுக் குழந்தைகளும் முதற்சொல், இருசொற்றொடர் ஆகிய படிகளை ஏனையோர் எட்டும் கால எல்லைக்குள்ளேயே எட்டுகின்றன. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தெண்ணல் வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணிக் குறை காண்பது எண்ணுவோர் பிழை. பிறவியிலேயே அறிவுவளர்ச்சிக் குறையுடைய, டவுன் நோய்க்குறி கொண்ட குழந்தைகளை ஆய்ந்து 2005-இல் வெளிவந்த கட்டுரையும், இருமொழிச் சூழலில் வளர்ந்தோர், அதே குறையுடைய ஒருமொழிக் குழந்தைகளினும் பின்தங்கவில்லை என்றே கண்டது. ஆகலின், பேச்சுக் குறைபாட்டுக்கு மருந்தாக வீட்டு மொழியைக் கைவிடுமாறு கூறுவதற்கு ஆய்வுச் சான்று இல்லை. பெற்றோர் தமக்கு நன்கு வந்த மொழியில், மிகுதியாக, மறுமொழியோடு பேசுதலே பேச்சுப் பயிற்சியாளரும் இன்று கூறுவது. ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றுக்கொள்ளட்டும், அதற்குத் தடையில்லை. அந்த வீட்டில் பாட்டி மீண்டும் வாய் திறக்க வேண்டும்.

ஆனால் பாட்டியின் 'தானே வரும்' என்னும் ஆறுதலும் போதாது. இரண்டு அகவையில் பேச்சுப் பிந்திய குழந்தைகளுள் பலர் பின்னர் எட்டிப் பிடிப்பது உண்மையே. எவர் பிடிப்பார், எவர் பிடியார் என்பது வெளித்தோற்றத்தில் தெரியாது என்பதே இடர். முதலில் ஐயுற வேண்டுவது செவியை. பிறப்பிலேயே செவிக்குறை உடையோர் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேரேனும் உளர். அக்குழந்தைகளும் முதற் சில திங்களில் இன்னொலி எழுப்புவதால் பெற்றோர் ஏமாறுவர். அடுக்கொலி வரவேண்டிய காலத்தில்தான் குறை புலப்படும். செவிக்குறையுடைய குழந்தைகளிடம் அது மிகவும் பிந்துகிறது என்பதை 1988-இல் ஆலரும் எய்லர்சும் காட்டினர். கதவு அறைந்தால் திரும்புகிறதே என்பது சான்றாகாது, தரையதிர்வால் திரும்பியிருக்கலாம். பிறந்த ஒரு திங்களுக்குள் செவியாய்வு, ஐயமிருப்பின் மூன்று திங்களுக்குள் உறுதிப்பாடு, ஆறு திங்களுக்குள் கருவியோ பயிற்சியோ என்பது மருத்துவ முறை. ஆறு திங்களுக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன், பிந்திக் கண்டறியப்பட்டோரினும் மேம்பட்டிருந்ததை 1998-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

செவி கேளாமையால் மொழியே இல்லை என்றும் எண்ணற்க. செவிகேளாத பெற்றோர் கைமொழி பேசும் வீட்டில், செவிகேளாத குழவி பத்துத் திங்களை ஒட்டிக் கையாலேயே மழலை அடுக்குகிறது என்று 1991-இல் பெத்தித்தோ, மாரந்தெத் என்பார் கண்டனர். மொழியை நாடும் வேட்கை வாயில் அடைக்கப்பட்டால் விரலில் வழிகிறது.

பத்துத் திங்களாகியும் அடுக்கொலி இல்லை. ஓராண்டு கடந்தும் விரல் சுட்டவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் நோக்கவில்லை. பதினாறு திங்களாகியும் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு அகவையில் இரண்டு சொல் இணையவில்லை: இவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரிடம் காட்டுக. எந்த அகவையிலாயினும், பேசிய சொற்களைக் குழந்தை இழக்கத் தொடங்கினால் ஒரு நாளும் தாழ்க்காமல் காட்டுக. பொருள் செலவாகுமே என்று தயங்க வேண்டுவதில்லை. 2013-இல் தொடங்கிய நடுவணரசின் சிறார் நலத்திட்டத்தின்கீழ், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு நடுவங்கள் அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் அமைக்கப்பட்டுள்ளன. செவியாய்வும் பேச்சுப் பயிற்சியும் அங்கு உண்டு. கருவியால் பயன்பெறாத செவிக்கு நத்தைச்செவிக் கருவி பொருத்தும் அறுவை மருத்துவத்திற்கு, தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. அகவை ஏற ஏற அதன் பயன் குறைவதால் முந்திச் செல்வதே நன்று. போகும்போது, குழந்தை இதுவரை பேசிய சொற்களையெல்லாம், மம்மமும் தாச்சியும் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்க. வீட்டில் பேசும் மொழி எதுவென்று கேட்டால், தயங்காமல் தமிழ் என்று கூறுக.